எழுதப்படாத வரியால் இழக்கப்படும் நிலம்: உரிமையியல் வழக்கறிஞர்களுக்கு ஏன் தொடர் சட்டக் கல்வி வேண்டும்?

பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி எங்களிடம் கேட்ட கேள்வியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சேரிப் பகுதியைச் சேர்ந்தவர் அவர். அவருடைய மாமனாரின் தகப்பனாருக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் கிடங்கு கட்டுவதற்காகக் கல் நட்டுக் கம்பிவேலி போட வந்தார். தடுத்து நிறுத்துவதே அவசரம் என்று கருதி, நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கோரி வழக்குத் தாக்கல் செய்தோம். மூன்றாண்டுக்குப் பின் வழக்கு தள்ளுபடியானது. உரிமை மூலம் குறித்துத் தகராறு இருக்கும்போது விளம்புகைப் பரிகாரம் கோரப்படவில்லை என்பது முதற்காரணம். நிலம் நிபந்தனைக்குட்பட்ட ஒப்படை நிலம் என்று வழக்குரையில் எங்கும் சொல்லப்படவில்லை என்பது இரண்டாவது காரணம்.

தீர்ப்பைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது அந்த அம்மா கேட்டார்: "நான் எல்லாத்தையும் சொன்னேனே சார், நீங்க எழுதலையா?"

அவர் சொல்லியிருந்தார். நாங்கள்தான் எழுதவில்லை. எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும், எந்தத் தீர்ப்பு எங்கள் கோரிக்கையை முடக்கும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. சட்டப் பட்டம் இருந்தது; பார் கவுன்சில் பதிவு இருந்தது; போராட்டக் களத்தின் அனுபவமும் இருந்தது. விசாரணை நீதிமன்றத்தில் ஒரு நில வழக்கை நடத்துவதற்கான அறிவு இல்லை. அந்த வழக்கு இன்று மேல்முறையீட்டில் இருக்கிறது. கூடுதல் ஆவணங்களை ஏற்கக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27-இன்கீழ் மனுப் போட்டிருக்கிறோம். உரிய முயற்சி எடுத்தும் முன்னரே கிடைக்காத ஆவணம் என்று நாங்கள் மெய்ப்பிக்க வேண்டும். அந்த முயற்சியை நாங்கள் எடுக்கவில்லை என்பதே உண்மை என்பதால், மனுவில் ஒவ்வொரு சொல்லையும் எச்சரிக்கையோடு எழுத வேண்டியிருந்தது.

மருத்துவர் தவறு செய்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்கு அந்த வழி இல்லை என்று 2024 மே 14 அன்று 'பார் ஆஃப் இந்தியன் லாயர்ஸ் எதிர் டி.கே. காந்தி' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலின் தன்மையைக் கருதி அத்தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். கட்சிக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் விளைவு ஒன்றுதான்: வழக்கறிஞரின் அறியாமைக்கான விலையை அவரே செலுத்துகிறார். அந்த அறியாமையைக் குறைக்கும் கட்டாய ஏற்பாடு எதுவும் இந்நாட்டில் இல்லை என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

உண்மைகள் எங்கே முடிவாகின்றன

செயற்பாட்டாளர்களிடமும் சட்ட மாணவர்களிடமும் ஒரு மனப்போக்கைக் காண்கிறோம். நிலப் பிரச்சினை என்றதும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுப் போட வேண்டும் என்று தோன்றுகிறது. அது வேகமானது, செய்தியாகிறது, அரசை நேரடியாகப் பதில் சொல்ல வைக்கிறது. ஆனால் நீதிப்பேராணை வழக்கில் பொதுவாகச் சாட்சிகள் விசாரிக்கப்படுவதில்லை. பிரமாண வாக்குமூலங்களும் ஆவணங்களுமே பேசுகின்றன. உண்மை குறித்துச் சிக்கலான தகராறு எழுந்தால் "உரிமையியல் நீதிமன்றத்தை நாடிக்கொள்ளவும்" என்று அனுப்பிவிடுவதே வழக்கம். அதாவது எங்கிருந்து புறப்பட்டாலும் இறுதியில் முன்சீப் நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோதான் வந்து சேர்கிறோம்.

அங்கே தீர்மானிக்கப்படும் உண்மைகள் கல்லில் பொறித்தவை போன்றவை. முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை மறுஆய்வு செய்யலாம். அதற்குமேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்பது, நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, சாரமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. யாருடைய பாட்டனார் அந்த நிலத்தில் ஏர் ஓட்டினார், எந்த ஆண்டு எவர் வேலி போட்டார் என்பதை உயர் நீதிமன்றம் புதிதாக ஆராயாது. வழக்குரையில் சொல்லப்படாததைச் சாட்சியத்தால் நிறுவ முடியாது என்பதும் அடிப்படை விதி. ஆகவே ஒரு தலித் குடும்பத்தின் நில உரிமை, பெரும்பாலும் முதல் வழக்கறிஞர் முதல் வாரத்தில் எழுதும் ஏழெட்டுப் பக்கங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

எங்கள் தவறை எடுத்துக்கொள்வோம். 'அனதுல சுதாகர் எதிர் பி. புச்சி ரெட்டி' வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை எளிமையானது. வாதியின் சுவாதீனம் தெளிவாக இருந்து, உரிமை மூலத்தின்மீது ஐயம் இல்லாதபோது உறுத்துக்கட்டளை மட்டும் கோரினால் போதும். உரிமை மூலத்தின்மீது மேகம் கவிந்திருந்தால் விளம்புகையும் சேர்த்தே கோர வேண்டும். வடமாவட்டங்களில் 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்துக்குப் பின் பட்டா யார் பெயரில் மாறியது என்பதே பாதி வழக்குகளின் வேர். பட்டா எதிரியின் பெயரில் இருந்தாலே மேகம் கவிந்துவிட்டது என்று பொருள். இருந்தும் ஏழைகளின் வழக்குகள் பெரும்பாலும் உறுத்துக்கட்டளை வழக்குகளாகவே தாக்கலாகின்றன. காரணம் நீதிமன்றக் கட்டணம். விளம்புகை கோரினால் நிலத்தின் மதிப்புக்கேற்பக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த விகிதம் 2017-இல் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதற்கும் மேலாக, சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். கட்டணத்துக்கு அஞ்சித் தவறான வழக்கைப் போட்டோம். அந்தக் கட்டணத்தைக் கட்டவே தேவையில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

பஞ்சமி நிலம்: சட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010, 1010-ஏ எண்ணிட்ட அரசாணைகளும் இத்தளத்தின் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே அந்த அறிக்கை பேசும் மண்ணில்தான் இன்று சிப்காட் வளாகங்களும் கிடங்குகளும் எழுந்து நிற்கின்றன. 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்ததும் பழைய செங்கல்பட்டு மண்ணில்தான்.

இத்தனை வரலாறு தெரிந்த நாம், பஞ்சமி நிலத்தை ஒரு நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது என்பதைக் குறைவாகவே அறிந்திருக்கிறோம். முதற்சிக்கல், கர்நாடகத்தைப் போலத் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. கர்நாடகம் 1978-இல் பட்டியல் சாதியினருக்கு ஒப்படை செய்த நிலங்களின் கைமாற்றத்தைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. 'மஞ்சேகவுடா எதிர் கர்நாடக அரசு' வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் தடை என்பது அரசாணைகளிலும், வருவாய் நிலை ஆணை 15-இலும், ஒப்படைப் பட்டாவில் எழுதப்பட்ட நிபந்தனைகளிலும் இருக்கிறது: பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கே. சந்துரு 2008-இல் வி.ஜி.பி. பிரேம் நகர் குடியிருப்போர் வழக்கில் அளித்த தீர்ப்பு, இந்நிபந்தனையை மீறிய கைமாற்றங்கள் செல்லாது என்பதைத் தெளிவாக்கியது.

தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பைப் பயன்படுத்த, 'இந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம்' என்ற உண்மையை முதலில் நிரூபிக்க வேண்டும். இன்றைய கணினிப் பட்டாவிலோ சிட்டாவிலோ அந்தக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது. யு.டி.ஆர். காலத்தில் எழுதப்பட்ட 'அ' பதிவேட்டிலும் விடுபட்டிருக்கலாம். அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகள், பழைய 'அ' பதிவேடு, ஒப்படைக் கோப்புகள் ஆகியவற்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும், மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். கிராமத்தின் பழைய சர்வே எண் புதிய எண்ணாக எப்படி மாறியது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லையென்றால், கையில் கிடைத்த பழைய பதிவேடும் பயனற்றுப் போகும். இந்தத் தேடலை எந்தச் சட்டக் கல்லூரியும் கற்றுத் தருவதில்லை. நாங்கள் இதைக் கற்றது ஓய்வு பெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம், ஒரு தேநீர்க் கடையில்.

எடுத்த ஆவணத்தைச் சான்றாக்குவது அடுத்த படி. 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய காவலிலிருந்து முன்வைக்கப்பட்டால் அதன் கையொப்பத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற அனுமானம் மூல ஆவணத்துக்குத்தான், நகலுக்குப் பொருந்தாது. ஒப்படைப் பட்டாவின் மூலம் கறையான் அரித்துப் போன குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. அவர்களுக்கான வழி வேறு. அரசுப் பதிவேடு பொது ஆவணம் என்பதால் அதன் சான்றிட்ட நகலே போதுமான சான்று. இந்த வேறுபாட்டை அறியாமல் மங்கிய ஒளிநகலைக் குறியீடு செய்யப் போராடி, எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தில் தோற்ற வழக்குகளைப் பார்த்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நன்கு படித்தவராயின் அடுத்த வாதத்தை வைப்பார்: 'விற்பனையை முற்றாகத் தடுக்கும் நிபந்தனை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி செல்லாது.' இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட பதில், அரசு வழங்கும் கொடைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று கூறிய 1895ஆம் ஆண்டின் அரசுக் கொடைகள் சட்டம். அந்தச் சட்டம் 2018 ஜனவரியில், காலாவதியான சட்டங்களை நீக்கும் பட்டியலோடு சேர்த்து நீக்கப்பட்டது. வழக்கமான துப்புரவுப் பணி என்று நாடாளுமன்றம் கருதியிருக்கலாம். பஞ்சமி நில வழக்குகளின் ஒரு தூண் அதில் இருந்தது என்று எவரும் பேசியதாக நினைவில்லை. நீக்கத்துக்கு முன் உருவான உரிமைகளையும் கடமைகளையும் நீக்கம் பாதிக்காது என்பது சேமிப்புப் பிரிவின் கொள்கை. எனவே 1892-க்குப் பின் வந்த ஒப்படைகளின் நிபந்தனைகள் உயிரோடிருக்கின்றன என்று வாதிட உறுதியான இடம் உண்டு. ஆனால் நீக்கம் நடந்ததே தெரியாமல் பழைய சட்டத்தை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு அமரும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பு எழுந்து அதைச் சுட்டிக்காட்டும்போது பதிலின்றி நிற்பார்.

எதிரிடை அனுபோகம் குறித்த சட்டமும் இப்படித்தான் காலடியில் நகர்ந்தது. 12 ஆண்டு எதிரிடை அனுபோகம் பிரதிவாதிக்குக் கேடயம் மட்டுமே என்ற நிலையை மாற்றி, வாதியும் அதை ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடரலாம் என்று 2019-இல் 'ரவீந்தர் கவுர் கிரேவால்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நம் நிலத்தில் அமர்ந்திருப்பவர் இனி நம்மீதே வழக்குப் போடலாம் என்பது இதன் பொருள். அதற்கு எதிராக வைக்கத்தக்க தீர்ப்பும் இருக்கிறது: ஒடிசாவின் பழங்குடி நிலம் தொடர்பான 'அமரேந்திர பிரதாப் சிங்' வழக்கில் 2004-இல், கைமாற்றமே சட்டத்தால் தடுக்கப்பட்ட நிலத்தில் எதிரிடை அனுபோகத்தின் வழியாக உரிமை பெற முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது. பஞ்சமி நிலத்துக்கு அதை ஒப்புமையாக நீட்டிக்க வாதிட வேண்டும். வாதிடுவதற்கு இரண்டையும் படித்திருக்க வேண்டும்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து

கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய் கண்டிகை கிராமத்தைப் பற்றிச் சொல்லாமல் இப்பகுதியின் நிலச் சட்டத்தைப் பேச முடியாது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஆடுமாடு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட ஏறத்தாழ 1,100 ஏக்கர் காட்டு நிலம் சிப்காட் வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டு டயர் நிறுவனமான மிச்செலின் அங்கே ஆலை அமைத்தது. மக்கள் பல ஆண்டுகள் போராடினர், சிறை சென்றனர். 2012-இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பும் பிரான்சின் சில அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின்கீழ் பாரிசில் உள்ள தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டன. 2013-இல் வெளிவந்த அறிக்கை நிறுவனம் நெறிமுறைகளை மீறியதாக முடிவு செய்யவில்லை. தாக்கங்களை மதிப்பிடுவது குறித்துச் சில பரிந்துரைகளை அளித்ததோடு நின்றது.

பாரிஸ் வரை சென்ற அந்த முறையீட்டை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஊரின் அடிப்படைக் கேள்வி ஓர் உரிமையியல் கேள்வி: பட்டா இல்லாத பொது நிலத்தில், தலைமுறைகளாக அதைப் பயன்படுத்திய மக்களுக்கு என்ன உரிமை? வழக்காற்று வசதியுரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைகள் சட்டத்தின் 18ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. ஊரார் அனைவர் சார்பிலும் சிலர் வழக்குத் தொடர நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8 இடமளிக்கிறது. பொது நிலங்களை ஊர் மக்களின் பயன்பாட்டிலிருந்து பறிப்பதைக் கண்டித்து 2011 ஜனவரியில் 'ஜக்பால் சிங்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நில எடுப்பின் செல்லுந்தன்மையை உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்க இயலாது என்ற தடை ஒருபுறம் உண்மை. நில எடுப்பு அறிவிப்புக்கு முன்னரே பயன்பாட்டு உரிமையை ஒரு நீதிமன்றத் தீர்ப்பாணையாக நிலைநிறுத்தி வைப்பது மறுபுறம் சாத்தியம். அறிவிப்பு வந்தபின் ஓடும் வழக்கறிஞர்கள் நிறைய உண்டு. அடுத்த வளாகம் எங்கே வரப்போகிறது என்று தெரிந்த ஊர்களில் முன்கூட்டியே சான்று திரட்டும் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு.

தொழிற்பகுதியில் சட்டம் எவ்வளவு விரைவாகப் புரள்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தை 2013-இன் மத்தியச் சட்டத்திலிருந்து காக்கும் ஏற்பாடு செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். சில வாரங்களில் சட்டமன்றம் புத்துயிரூட்டும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2021 ஜூன் 29 அன்று 'ஜி. மோகன் ராவ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் 2019 தீர்ப்பின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு வாதிட்டவர்களை அறிவோம். 2018-இல் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 20-ஏ பிரிவும் அப்படிப்பட்டதே: பட்டியலிட்ட உள்கட்டமைப்புத் திட்டங்கள் தொடர்பான ஒப்பந்த வழக்கில், திட்டம் தாமதமாகும்படி உறுத்துக்கட்டளை வழங்கக்கூடாது என்கிறது அது. ஒப்பந்தத்தின்மீது எழாத, உரிமை மூலத்தின்மீது எழும் வழக்குக்கு அந்தத் தடையைக் காட்டி எதிர்த்தரப்பு மிரட்டும்போது, வேறுபடுத்திக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரப் பதிவிலும் அதே கதைதான். மோசடிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற 77-ஏ பிரிவு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையியல் வழக்கைத் தவிர்த்துப் பலரும் அங்கே மனுக் கொடுத்தனர். 2024-இல் உயர் நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த மனுவை நம்பிக் காத்திருந்தவர்களில் சிலருக்கு, பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கான மூன்றாண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதை எவரும் சொல்லவில்லை.

நீதிபதிக்குப் பயிற்சி உண்டு, வழக்கறிஞருக்கு?

1872-இன் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நீதிபதிகளுக்குத் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாதெமி இருந்தது; தேசிய அளவில் போபாலில் ஒன்று இருக்கிறது. நீதிபதி பணியில் சேர்ந்தபின்னும் கற்க வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்முன் நின்று வாதிடுபவருக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை. மின்னணுச் சான்றுக்கான பழைய 65-பி சான்றிதழ் இன்று 63ஆவது பிரிவின்கீழ் இரு பகுதிகளாகியுள்ளது. ஒன்றை ஆவணத்தைத் தருபவரும் மற்றொன்றை நிபுணரும் ஒப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். வேலி போட்டதை அலைபேசியில் படமெடுத்த இளைஞருக்கு இதை யார் சொல்வது? அவருடைய வழக்கறிஞருக்கு முதலில் யார் சொல்வது? 2024 ஜூலைக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்பதால், ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் இரண்டு சாட்சியச் சட்டங்களையும் கையாள வேண்டிய நிலை.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961 சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை இந்தியப் பார் கவுன்சிலுக்கு அளிக்கிறது. அதன் 6ஆவது பிரிவு, கருத்தரங்குகள் நடத்துவதையும் சட்ட இதழ்கள் வெளியிடுவதையும் மாநிலப் பார் கவுன்சில்களின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. பட்டம் பெற்றபின் எழுத வேண்டிய அகில இந்தியப் பார் தேர்வை 2023-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அந்தத் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால், அடுத்த நாற்பதாண்டுகள் ஒரு புதிய சட்டத்தையும் படிக்காமலே தொழில் செய்யலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா 1975-லேயே வழக்கறிஞர்களுக்குத் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்த கணக்கு, 2016-இல் தத்தம் தேவையை அறிந்து கற்று அதை அறிவிக்கும் முறைக்கு மாறியது. மணிக்கணக்கு வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடும் என்ற விமர்சனம் அங்கே எழுந்தது. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. நம் சங்கக் கட்டடங்களில் சனிக்கிழமை மாலை நடக்கும் பொன்னாடைக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் நிலை. காரணம், இப்போது இருப்பது கல்வியே இல்லாத நிலை அல்ல. சிலருக்கு மட்டும் கல்வி கிடைக்கும் நிலை. தலைமுறை வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் இரவு உணவின்போதே கட்டளை 7, விதி 11-ஐக் கற்கிறார். மூத்த வழக்கறிஞரின் அறையில் இடம் கிடைப்பது சாதி, உறவு, ஊர் வழியாகவே பெரும்பாலும் நடக்கிறது. சென்னைச் சட்டக் கல்லூரி 2018-இல் இடம்பெயர்ந்ததால் திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைபெரும்புதூரிலும் அம்பேத்கர் பெயரில் ஓர் அரசுச் சட்டக் கல்லூரி இயங்குகிறது. அங்கிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வெளிவரும் ஒரு தலித் மாணவி, அறை கிடைக்காமல் நேராகத் தனித்தொழிலுக்கு வருகிறார் என்றால், அவரிடம் முதலில் வருபவர்கள் அவருடைய ஊர்மக்கள். அவர் கற்கும் விலையை அவர்கள் நிலத்தால் கொடுக்கிறார்கள். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச ஊக்கத்தொகை தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் கூறியது வரவேற்கத்தக்கதே. அறையில் இடம் கிடைத்தவருக்குத்தான் அந்தத் தொகை.

மொழியும் ஒரு சுவர். 1976-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்கள் தமிழில் தீர்ப்பெழுத வழி உள்ளது. சாட்சியமும் குறுக்கு விசாரணையும் தமிழில் நடக்கின்றன. மேற்கோளாக வேண்டிய தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் உள்ளன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்று இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன, சில தமிழிலும். கிடைப்பது வேறு, எது இன்றைக்கும் செல்லும், எது கைவிடப்பட்டது என்று தெரிவது வேறு.

ஆகவே நாங்கள் கேட்பது சென்னையில் விடுதி அரங்கில் நடக்கும் மாநாட்டை அல்ல. ஒவ்வொரு வட்ட நீதிமன்றத்திலும், கட்டணமின்றி, தமிழில், உண்மையான கோப்பைக் கையில் வைத்து நடக்கும் பயிற்சி வேண்டும். வழக்குரை எழுதுவது, பதிவேடு தேடுவது, வழக்கறிஞர் ஆணையரிடம் எதை அளக்கச் சொல்வது, நில அளவரைக் குறுக்கு விசாரணை செய்வது ஆகியவை அதில் பாடமாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உரிமையியல் வழக்கறிஞர்களும் கற்க வேண்டும். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றுவது அதன் 3(1)(எஃப்), (ஜி) உட்பிரிவுகளில் குற்றம்; அவர்கள்மீது பொய்யாக, வன்மத்தோடு உரிமையியல் வழக்குத் தொடர்வதே 3(1)(பி) உட்பிரிவில் குற்றம் என்பதை எத்தனை உரிமையியல் வழக்கறிஞர்கள் எதிருரையில் பயன்படுத்துகிறார்கள்? அதே வேளையில், வெறும் சொத்துத் தகராறு வன்கொடுமை ஆகாது என்று 2020-இல் 'ஹிதேஷ் வர்மா' வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட வரம்பையும் அறியாமல் புகார் எழுதினால் அது நமக்கே திரும்பும்.

இதைப் பார் கவுன்சில் தொடங்கும்வரை காத்திருக்க முடியாது. சட்ட உதவி வழங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தன் பட்டியல் வழக்கறிஞர்களுக்கு நில வழக்குப் பயிற்சியை நாளையே நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் சட்ட உதவி மன்றத்தின் வழியாக ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பழைய 'அ' பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிட்டு வைக்கலாம். நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, தோற்ற வழக்கு ஒன்றின் கோப்பைப் பிரித்துப் படிக்கிறோம். வென்ற வழக்கு எதையும் எடுப்பதில்லை என்பது விதி. முதற்கூட்டத்தில் படித்தது அந்த மூதாட்டியின் கோப்பு. வழக்குரையின் மூன்றாம் பத்தியில் 'வாதியின் முன்னோர்கள் காலந்தொட்டு அனுபவித்து வரும்' என்று எழுதியிருந்தோம். எந்த ஆண்டு, எந்த ஆணை, எந்த நிபந்தனை என்று கேட்டு இளைய வழக்கறிஞர் ஒருவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விக்குறிகள் போட்டார். மேல்முறையீட்டு மனுவில் அந்த மூன்றுக்கும் பதில் எழுதிச் சேர்த்திருக்கிறோம். நீதிமன்றம் அதை ஏற்குமா என்பது அடுத்த வாய்தாவில் தெரியும்.